பீமரத சாந்திக்குத் தேதி கேட்டால் ஆலன் சிம்ப்சன்

மன்னார்குடி குடும்பம் (குழு), 15 மார்ச் 2025

பத்மா: முரளி, டிக்கெட் போட்டாயா இல்லையா? அத்தானுக்கு 70. ஐயர் தேதி கேட்கிறார். மே கடைசியா, ஜூனா?

முரளி: இன்று மனசு சரியில்லை அக்கா. ஆலன் சிம்ப்சன் போய்விட்டார்.

லலிதா: ஐயோ! உன்னோடு வேலை பார்த்தவரா?

குமார்: மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனியா?

கார்த்திக்: இல்லை மாமா. அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்து செனட்டராக இருந்தவர். 93 வயது.

முரளி: குடியரசுக் கட்சிக்காரர். 1979 முதல் 1997 வரை செனட்டில் இருந்தார், அதில் பத்து வருடம் கட்சிக் கொறடா. உயரம் ஆறடி ஏழு அங்குலம், நாக்கு அதைவிட நீளம். நாடு கடனில் ஓடக்கூடாது என்பதில் கறார். ஒபாமா 2010-இல் கடன் குழு அமைத்தபோது ஜனநாயகக் கட்சியின் எர்ஸ்கின் போல்ஸும் இவரும்தான் தலைவர்கள். செலவையும் குறை, வரி வருமானத்தையும் கூட்டு என்றார்கள். இரண்டு பக்கமும் திட்டு. அப்புறம் 81 வயதில், இளைஞர்கள் இந்தக் கடனைப் பற்றி யோசிக்கட்டும் என்று ஒரு கொரியப் பாட்டுக்கு ஆடி வீடியோவில் வந்தார்!

லலிதா: ஓ

பத்மா: பாவம். தேதி?

குமார்: வீடியோ இருந்தால் போடுங்கள்

வித்யா: அப்பா, உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட கிளாரன்ஸ் தாமஸ் மேல் பாலியல் தொல்லைப் புகார் சொன்ன அனிதா ஹில்லிடம், 1991 செனட் விசாரணையில் எப்படி நடந்துகொண்டார் என்பதையும் எழுதுங்கள்.

முரளி: அது தப்புதான் வித்யா. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் கருக்கலைப்பு பெண்ணின் சொந்த முடிவு, ஓரினத் தம்பதிகள் விஷயத்தில் அரசு தலையிட வேண்டாம் என்று அந்தக் கட்சிக்குள் இருந்துகொண்டே சொன்னவரும் அவர்தான்.

லலிதா: ஒரு நிமிஷம். அமெரிக்கக் குடிமக்களின் கூடப்பிறந்தவர்களுக்குக் குடியேற்ற விசாவே வேண்டாம் என்றாரே ஒருவர், அவரா இவர்?

முரளி: ஆமாம். அந்தப் பிரிவை எடுத்துவிடப் பல தடவை பார்த்தார். நடக்கவில்லை.

லலிதா: எடுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இப்போது வருகிறது அப்போது வருகிறது என்று என் தலைமுடியே நரைத்துவிட்டது.

கார்த்திக்: சித்தி, 1990 குடியேற்றச் சட்டத்தில் செனட்டர் எட்வர்ட் கென்னடியோடு சேர்ந்து வேலை பார்த்தவரும் இவர்தான். எச்1பி அதில்தான் வந்தது.

லலிதா: உனக்கு வந்தது, எனக்கு வரவில்லை.

குமார்: அண்ணன் குடியுரிமை வாங்கின கையோடு மனு போட்டிருந்தால் வந்திருக்கும்.

பத்மா: குமார், ஆரம்பிக்காதே.

முரளி: அவர் கதையில் எனக்கு உயிரான பகுதி வேறு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்களை முள்வேலிக்குள் அடைத்தார்கள் இல்லையா? அதில் ஒரு முகாம் ஹார்ட் மவுண்டன், இவருடைய ஊரான கோடி (Cody) பக்கத்தில். 1943-இல் உள்ளூர் சாரணப் பையன்களை அங்கே கூட்டிப்போனார்கள். உள்ளே நார்மன் மினேட்டா என்ற பையன், இவர் வயதுதான். இரண்டு பேருக்கும் ஒரே கூடாரம். மழை வந்தது. கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, தண்ணீரைக் கீழே இருந்த ஒரு முரட்டுப் பையனின் கூடாரம் பக்கம் திருப்பிவிட்டார்கள். அது சரிந்து விழுந்தது. சிம்ப்சன் விழுந்து விழுந்து சிரித்தாராம்!

குமார்: 😂😂

வித்யா: இதை நீங்கள் சொன்னதே இல்லையே அப்பா

முரளி: அப்புறம் இரண்டு பேரும் வேறு வேறு கட்சியில் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தார்கள். அந்த மக்களிடம் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுக்கும் 1988 சட்டத்துக்கு முன்நின்று பாடுபட்டவர்களில் மினேட்டாவும் ஒருவர். சிம்ப்சன் ஆதரித்தார். 2022-இல் மினேட்டா இறக்கும்வரை அந்த நட்பு விடவில்லை.

பத்மா: கேட்கவே நன்றாக இருக்கிறது. நீயும் குமாரும் வீட்டை விற்றதிலிருந்து பேசிக்கொள்வதில்லை.

குமார்: அக்கா, நான் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். இதோ, இங்கேயே.

பத்மா: போனில்.

கார்த்திக்: 2018-இல் முன்னாள் அதிபர் பெரிய புஷ் இறந்தபோது இரங்கல் உரை இவர்தானே மாமா? நான் நேரலையில் பார்த்தேன்.

முரளி: ஆமாம். வாஷிங்டன் தேசிய தேவாலயத்தில். பணிவு என்ற மேட்டுச்சாலையில் போகிறவர்களுக்கு அந்த ஊரில் போக்குவரத்து நெரிசலே கிடையாது என்றார். துக்க வீட்டில் அத்தனை பேரையும் சிரிக்கவைத்தார். வெறுப்பு, அதைச் சுமக்கிற பாத்திரத்தையே அரித்துவிடும் என்று சொன்னதும் அதே உரையில்தான். பத்து நிமிடத்துக்குள் முடி என்று புஷ்ஷே சொல்லி வைத்திருந்தாராம்.

கார்த்திக்: விசேஷத்தில் நீங்கள் பேசினால் உங்களுக்கும் பத்து நிமிடம்தான் மாமா.

லலிதா: ஐந்து போதும்

பத்மா: முதலில் வரட்டும். திருக்கடையூரா, இங்கே மண்டபமா?

லலிதா: திருக்கடையூர்

குமார்: மண்டபம். அத்தானுக்கு முழங்கால் வலி. அங்கே கூட்டத்தில் நிற்க முடியாது.

லலிதா: அத்தானிடம் கேட்டாயா?

முரளி: மே 24-க்கு மேல் லீவு கிடைக்குமா என்று திங்கட்கிழமை கேட்டுச் சொல்கிறேன் அக்கா. குமார், ராத்திரி கூப்பிடுகிறேன், எடு.

குமார்: எட்டு மணிக்கு மேல். அதற்குள் மண்டபத்தில் விசாரித்து வைக்கிறேன்.

லலிதா: நான் திருக்கடையூரில் அறை கேட்டுவிட்டேன்.