மறு: பிரேக் பேடு, கேலிப்பர் – உரசுகட்டையும் கவ்வியும்

நண்பர்களுக்கு வணக்கம்.

வண்டி உறுப்புகளின் ஆங்கிலப் பெயர்களுக்கு நாம் போடும் தமிழ்ச்சொல் பட்டியலைப் பற்றித்தான் இதுவும். சக்கரத்தோடு சுழலும் வட்டை (டிஸ்க்) இருபுறமும் உரசி நிறுத்தும் 'பேடு' என்பதற்கு 'உராய்வுத் திண்டு' என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை என் 1982 மெர்சிடிஸ் 240டி-க்கு முன்சக்கரப் பேடு நான்கையும் வீட்டு வாசலில் நானே மாற்றினேன். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்: திண்டு வேண்டாம்.

திண்டு சாய்ந்துகொள்ளும் பொருள், அமுக்கினால் உள்வாங்கும். நான் கழற்றியது நகத்தால் கீறினாலும் தடம் விழாத கட்டி. பின்னால் இரும்புத் தகடு, முன்னால் உரசும் பாகம் தீக்குச்சிக் கனம்தான் மிச்சம். ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் உள்ள முதல் பொருளை எடுத்துக்கொண்டதால் வந்த சொல் அது.

சைக்கிள் ரிம்மைப் பிடிக்கும் ரப்பரை என்ன சொல்கிறோம்? பிரேக் கட்டை. மேட்டில் லாரி நின்றால் கிளீனர் இறங்கி ஓடிப்போய்ச் சக்கரத்துக்குப் போடுவதும் கட்டைதான். 'கட்டை தேஞ்சு போச்சு' என்று பட்டறையில் சொன்னால் புரியும். 'திண்டு தேய்ந்துவிட்டது' என்று சொல்ல வாய் வராது. ஆகவே உரசுகட்டை. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை.

வெறும் 'கட்டை' போதாதா? போதாது. இதே வண்டியின் பின்சக்கரத்தில் வட்டுக்கு நடுவிலேயே சின்ன டிரம் ஒன்று இருக்கிறது. வண்டியை நிறுத்திவைக்கும் பிரேக், அந்த டிரம்மின் உட்சுவரை உள்ளிருந்து அழுத்தும் ஷூவால்தான் பிடிக்கிறது. ஒரே சக்கரத்தில் பேடும் உண்டு, ஷூவும் உண்டு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஷூ வளைந்திருப்பதால் பிறைக்கட்டை என்கிறேன்.

அடுத்து, பேடுகளை வட்டின் இருபுறமும் வைத்து அழுத்தும் கேலிப்பர். அதற்குச் சொன்ன 'கொடிறு' (குறடு) அழகான பழஞ்சொல், எடுத்துக்கொடுத்தவருக்கு நன்றி. ஆனால் 'கொடிறும் பேதையும் கொண்டது விடா' என்பதும் பழைய வாக்குதானே! கேலிப்பருக்குப் பிடிப்பது பாதி வேலை, விடுவது மீதிப் பாதி. பெடலை மிதிக்கும்போது, பேடை வட்டின்மேல் தள்ளும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் லேசாக வளைந்து கொடுக்கிறது. காலை எடுத்ததும் அது நிமிர்ந்து, பிஸ்டனை இம்மியளவு பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. விடாத கேலிப்பர் கெட்டுப்போன கேலிப்பர். வட்டு கொதிக்கும், கட்டை சீக்கிரம் கரையும். இன்னொரு யோசனையான 'இடுக்கி' அடுப்படியில் இருக்கட்டும். கவ்வி போதும்: கவ்வும், விடும். பிஸ்டன் பிஸ்டனாகவே இருக்கலாம், அதற்கெல்லாம் சண்டை வேண்டாம்.

சொல் தாங்குமா என்று பார்க்க, செய்ததை அந்தச் சொற்களிலேயே எழுதினேன்:

"பின்சக்கரங்களுக்கு அணை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவை. சக்கரத்தைக் கழற்று. பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து கொஞ்சம் உறிஞ்சி எடு. பிஸ்டனைத் தள்ளும்போது ஆயில் மேலேறி வழிந்தால் பெயிண்டைத் தின்றுவிடும். கவ்வியைக் கழற்ற வேண்டாம். அதன் குறுக்கே உள்ள இரண்டு ஆணிகளையும் தட்டி எடுத்தால் சிலுவை வடிவ ஸ்பிரிங் கையோடு வரும். ஒரு உரசுகட்டையை மட்டும் உருவு. அந்தப் பக்கத்துப் பிஸ்டனை உள்ளே தள்ளிப் புதுக்கட்டையைச் செருகிய பிறகே மறுபக்கம் போ. இரண்டையும் ஒன்றாக உருவினால், ஒரு பிஸ்டனைத் தள்ளும்போது மற்றது வெளியே வந்துவிடும். தூசியை ஊதாதே, ஈரத்துணியால் துடை. பழைய கட்டைகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். இரு சக்கரமும் முடிந்ததும், வண்டியை நகர்த்துமுன் பெடல் இறுகும்வரை மிதி."

எழுதும்போது கை எங்கும் நிற்கவில்லை. எங்கள் மெக்கானிக்கிடம் முன்பின் சொல்லாமல் 'உரசுகட்டை மாற்றிவிட்டேன்' என்றேன். "டிஸ்க்குக்குப் போடுற கட்டையா?" என்று கேட்டார். பிறைக்கட்டையை அவரிடம் இன்னும் சொல்லிப் பார்க்கவில்லை. டிரம் பிரேக் வண்டி வைத்திருப்பவர்கள் உங்கள் பட்டறையில் சொல்லிப் பார்த்து எழுதுங்கள், அதன்பின் பட்டியலில் ஏற்றலாம்.