உருளைச்செடி பச்சையாவே வாடுது, ரெண்டு தடவை மருந்தடிச்சும் நிக்கல

கேத்திக்காரன்:
வணக்கம்ங்க. நீலகிரியில கேத்தி பக்கம் முக்கால் ஏக்கர்ல குஃப்ரி ஜோதி ரக உருளை போட்டு 50 நாள் ஆச்சு. போன வாரம் 4 செடி மத்தியானம் தலை தொங்கிச்சு, சாயந்திரம் பார்த்தா நிமிந்து நின்னுச்சு, சரி வெயிலுதான்னு விட்டுட்டேன், இப்ப அந்த நாலும் எந்திரிக்கவே இல்ல, அதே வரிசையில இன்னும் 9 செடி சாஞ்சிருச்சு. இலையில புள்ளி கருகல் எதுவும் கிடையாது, பச்சையாவே துவண்டு கிடக்கு. மருந்துக் கடையில கருகல்தான்னு சொல்லி மேங்கோசெப்னு பூஞ்சாண மருந்து குடுத்தாங்க, ரெண்டு தடவை அடிச்சாச்சு, ஒன்னும் கேக்கல. முட்டைக்கோசே போட்டிருக்கலாம்னு வீட்ல திட்டு வேற.

மஞ்சூர்தம்பி:
கருகல் இப்படி இருக்காதுண்ணா. அதுல இலை ஓரம் தண்ணில ஊறுன மாதிரி கறை விழுந்து கருப்பாகும், காலைல ஈரத்தோட இலையைத் திருப்பிப் பார்த்தா வெள்ளையா பூசணம் தெரியும். தண்டோட அடி மை பூசுன மாதிரி கருப்பா இருக்கா? நாத்தம் வருதா? வந்தா அது கருங்கால் நோய்.

கேத்திக்காரன்:
கருப்பும் இல்ல நாத்தமும் இல்ல தம்பி. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன், கிழங்கு கண்ணுல மண்ணு பிசின் மாதிரி ஒட்டிட்டு இருக்கு.

பழைய_தோட்டம்:
அந்த மண்ணுதான் விஷயம் சாமி. கண்ணு வழியா பாக்டீரியா கசியுது, அதுல மண்ணு ஒட்டுது. அந்தக் கிழங்கைக் குறுக்கால வெட்டி லேசா அமுக்குங்க. தோலுக்குக் கொஞ்சம் உள்ள ஒரு வளையம் இருக்கும், அது பழுப்பாகி அதுலருந்து சாம்பல் வெள்ளையா பொட்டுப் பொட்டா வந்தா பாக்டீரியா வாடல் நோய்தான். தண்டுக்கும் டெஸ்ட் இருக்கு: அடித்தண்டுல ரெண்டு மூணு விரக்கட நீளம் வெட்டி, கண்ணாடி டம்ளர்ல தெளிஞ்ச தண்ணி ஊத்தி, தண்டோட வெட்டுன முனை தண்ணியைத் தொடுற மாதிரி நூல்ல கட்டித் தொங்க விடுங்க, ஆட்டக் கூடாது. கொஞ்ச நேரத்துல பால் நூல் மாதிரி கீழ இறங்கும். பூஞ்சாண வாடலா இருந்தா அப்படி இறங்காது.

கேத்திக்காரன்:
அரை மணி நேரம் உக்காந்து பார்த்தேன், ஒரு நூலும் வரலயே.

பழைய_தோட்டம்:
காஞ்சு போன செடியில எடுத்திருப்பீங்க. இன்னைக்குத்தான் வாட ஆரம்பிச்சதுல எடுங்க. பக்கத்துலயே இன்னொரு டம்ளர்ல நல்ல செடித் தண்டையும் தொங்க விடுங்க, வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கேத்திக்காரன்:
வந்துருச்சுங்க 😞 ஜன்னல் வெளிச்சத்துல வச்சுப் பார்த்தேன், அகர்பத்திப் புகையைத் தலைகீழா விட்ட மாதிரி இறங்குது, நல்ல செடி டம்ளர் சும்மா தெளிவா நிக்குது. பாக்டீரியாவுக்கு அடிக்கிற ஸ்ட்ரெப்டோசைக்ளின் மருந்து அடிச்சா காப்பாத்தலாமா? கடையில எடுத்து வச்சிருக்காங்க.

மஞ்சூர்தம்பி:
காசுதான் போகும்ணா. அது செடிக்குள்ள தண்ணி போற குழாயையே அடைச்சுட்டு உக்காந்திருக்கு, மேல அடிக்கிறது அங்க போய்ச் சேராது. வாடுன செடியைச் சுத்தி மண்ணோட, கிழங்கோட தோண்டி சாக்குல போட்டு வெளிய கொண்டு போங்க, குப்பைக்குழியில போட்டுறாதீங்க. மம்முட்டியையும் செருப்பையும் கழுவாம அடுத்த பாத்திக்குப் போகாதீங்க. ஆமா, ஏன் ஒரே வரிசை? விதை வெட்டி நட்டீங்களா?

கேத்திக்காரன்:
ஆமா பெருசா இருந்துச்சு, அம்மா அரிவாள்மனையில வெட்டிக் கூடையில போட்டாங்க, அந்தக் கூடையோட அப்படியே வரிசையா நட்டுட்டு போனோம்.

மஞ்சூர்தம்பி:
அதேதான். ஒரு நோய்க்கிழங்கை வெட்டுன கத்தி அடுத்து வெட்டுன எல்லாத்துக்கும் ஒட்டிவிட்டிருக்கு.

பழைய_தோட்டம்:
இருக்கலாம், ஆனா சரிவுல தண்ணியும் வரிசை வழியாத்தான் ஓடும் தம்பி, பாவம் அம்மா தலையிலயே போடாத. நூற்புழு கடிச்ச வேர் வழியாவும் உள்ள போகும், அதுல தங்க நூற்புழுங்கற வகையை நம்ம நீலகிரி மலையில 1961லயே கண்டுபிடிச்சாங்க. கேத்திக்காரரே, இந்தத் தோட்டத்துக் கிழங்கு பார்க்க எவ்வளவு நல்லா இருந்தாலும் விதைக்கு எடுக்காதீங்க, யாருக்கும் குடுக்காதீங்க. நம்ம குளிர்ல நோய் வெளிய தெரியாம கிழங்குக்குள்ள ஒளிஞ்சிருக்கும், டம்ளர்லயும் பிடிபடாது, அதுக்கு எலைசா பிசிஆர் மாதிரி லேப் டெஸ்ட் வேணும். முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துல விசாரிங்க. அடுத்து அங்க உருளை, கத்திரி, தக்காளி, மிளகாய் எதுவும் வேணாம், பூண்டோ மக்காச்சோளமோ போடுங்க. திரும்ப உருளை போடுறப்ப முழுக்கிழங்கா நடுங்க, நடும்போது ஏக்கருக்கு 5 கிலோ ப்ளீச்சிங் பவுடர் உரத்தோட சால்ல போடலாம், இப்ப போட்டு பிரயோஜனம் இல்ல.

கேத்திக்காரன்:
சரிங்க, காலைல தோண்டிடறேன். வீட்டுக்குப் பின்னாடி 10 தக்காளி நிக்குது, அதே வாய்க்கால் தண்ணிதான் போகுது. அதையும் பிடுங்கணுமா?

பழைய_தோட்டம்:
மொதல்ல அந்தத் தண்ணியை நிறுத்துங்க. ஏதாவது ஒன்னு தலை தொங்குனா மறுபடி டம்ளரை எடுங்க.