ஈமேக்ஸை ஐகானில் திறந்தால் மட்டும் ஜாவா சர்வர் நின்றுவிடுகிறது. ஐடிஇ-க்கே திரும்பிவிடவா?

மோர்மிளகாய்:
வணக்கம். அலுவலகத்தில் ஜாவா 8, மேவன் புராஜெக்ட். என் லேப்டாப்பில் 8 ஜிபி ராம்தான். ஐடிஇ (கோட் எழுத, ஓட்ட, டீபக் செய்ய எல்லாம் சேர்ந்த மென்பொருள்), டாக்கர், பிரவுசர் மூன்றையும் திறந்தால் ஃபேன் மிக்சி மாதிரி கத்தும். அதனால் இரண்டு வாரமாக உபுண்டுவில் ஈமேக்ஸ் 29 எடிட்டர். எடிட்டரை மொழி சர்வரோடு இணைக்கும் எக்லாட் அதிலேயே வருகிறது, ஜாவா கோடைப் படித்துப் பிழை காட்டும் சர்வரான ஜேடிடிஎல்எஸ் மட்டும் தனியாக இறக்கினேன்.

டெர்மினலில் இருந்து ஈமேக்ஸைத் திறந்தால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. டெஸ்க்டாப் ஐகானை அழுத்தித் திறந்தால் சர்வர் வந்த வேகத்தில் போய்விடுகிறது. அப்புறம், லாம்பாக் (கெட்டர் போன்ற வழக்கமான கோடைத் தானே உருவாக்கும் லைப்ரரி) போட்ட கிளாஸ்களில் கெட்டர் இருக்கும் இடமெல்லாம் சிவப்புக் கோடு. ஆனால் மேவனில் பில்ட் ஆகிறது! இதோடு மல்லுக்கட்டுவதா, பேசாமல் ஐடிஇ-க்கே போவதா?

சாயங்காலடீ:
எதற்கு இந்த வம்பு? விஎஸ் கோட் போடுங்கள், லாம்பாக் தானாகவே வேலை செய்யும்.

பழையகீபோர்டு:
லாம்பாக் விஷயம் உண்மைதான். ஆனால் விஎஸ் கோடின் ரெட் ஹாட் ஜாவா எக்ஸ்டென்ஷனுக்குள்ளும் ஓடுவது இதே ஜேடிடிஎல்எஸ்தான். அது எக்லிப்ஸின் ஜாவா எஞ்சின். தம்பி ஐடிஇ-யை விட்டுவிட்டதாக நினைக்கிறார், பாதி ஐடிஇ பின்னால் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 2016-ல் மைக்ரோசாஃப்ட், எடிட்டரும் மொழி சர்வரும் பேசிக்கொள்ளும் பொது நெறிமுறையான எல்எஸ்பி-யை வெளியிட்ட பிறகு எடிட்டருக்கும் ஐடிஇ-க்கும் நடுவில் இருந்த சுவர் இப்படித்தான் கரைந்தது.

மோர்மிளகாய், ஜாவா எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஜாவா_ஹோமை எங்கே எழுதினீர்கள்? ஐகானில் திறந்துவிட்டு சர்வரின் பிழைச் செய்தி வரும் எக்லாட்-எஸ்டிடிஎர்-பஃபரைப் பாருங்கள், என்ன சொல்கிறது?

மோர்மிளகாய்:
டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி-யில், ஜாவா 21 என்று. சிஸ்டத்தில் இருப்பது ஜாவா 8. பஃபரில், குறைந்தது ஜாவா 21 வேண்டும் என்று வருகிறது அண்ணா. புராஜெக்டே 8 தானே?

பழையகீபோர்டு:
புராஜெக்ட் எந்த ஜாவா என்பது வேறு, சர்வர் தான் ஓட எந்த ஜாவாவைக் கேட்கிறது என்பது வேறு. ஜேடிடிஎல்எஸ்ஸின் இப்போதைய பதிப்புகள் 21 இல்லாமல் எழுந்திருக்காது. டெஸ்க்டாப் ஐகான் உங்கள் பாஷ்ஆர்சி-யைப் படிப்பதில்லை. அங்கிருந்து கிளம்பும் ஈமேக்ஸுக்குத் தெரிந்தது சிஸ்டத்தின் 8 மட்டும்.

எந்த சர்வரை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் எக்லாட்-சர்வர்-புரோகிராம்ஸ் செட்டிங்கில் ஜேடிடிஎல்எஸ் கட்டளையோடு ஜாவா-எக்ஸிக்யூட்டபிள் என்ற ஆப்ஷனைச் சேர்த்து, 21-ன் முழுப் பாதையைக் கொடுங்கள். சிஸ்டம் ஜாவாவைத் தொட வேண்டாம். அதே வரியில் ஜேவிஎம்-ஆர்க் வழியாக லாம்பாக் ஜாரை ஜாவா-ஏஜென்ட்டாகக் கொடுங்கள். கெட்டரை உருவாக்குவது லாம்பாக், அதைச் சர்வருக்குக் காட்டாவிட்டால் சிவப்புக் கோடுதான் வரும். மேவனுக்கு அதன் அமைப்புக் கோப்பான பாமிலேயே லாம்பாக் தெரியும், அதனால்தான் அங்கே பில்ட் ஆனது. கையோடு சர்வரின் மெமரிக்கு வரம்பு வைக்கும் எக்ஸ்எம்எக்ஸ் 1ஜி-யும் போட்டுவிடுங்கள், 8 ஜிபி-க்கு அது கொஞ்சம் மூச்சு கொடுக்கும்.

மோர்மிளகாய்:
ஐகானில் திறக்கிறது, நன்றி! சிவப்புக் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. ஜார் பாதையை மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன்.

பழையகீபோர்டு:
எக்லாட்-ஷட்டவுன் கொடுத்துவிட்டு, ஹோமில் கேஷ் ஃபோல்டருக்குள் ஜேடிடிஎல்எஸ் என்று ஒன்று இருக்கும், அதை அழித்துவிட்டுத் திரும்பத் திறங்கள். பழைய கணக்கை அங்கேதான் வைத்திருக்கும். முதல் தடவை இன்டெக்ஸ் ஆக நேரம் எடுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மோர்மிளகாய்:
போயே போச்சு. டாக்கரோடு சேர்த்தும் ஸ்வாப்பை (ராம் போதாதபோது டிஸ்கில் எடுக்கும் இடம்) தொடவில்லை. ஃபேன் இன்னும் சுற்றுகிறது, ஆனால் மிக்சி சத்தம் இல்லை. பிரேக்பாயின்ட் வைத்து டீபக் செய்ய எக்லாட்டில் ஏதாவது உண்டா?

பழையகீபோர்டு:
எக்லாட்டில் கிடையாது. டேப் என்ற தனிப் பேக்கேஜ் இருக்கிறது, ஜாவாவுக்கு அதை அமைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். நானே டீபக் என்று வந்தால் ஐடிஇ-யைத்தான் திறக்கிறேன்.

சாயங்காலடீ:
கடைசியில் ஐடிஇ-க்கே வந்தீர்களா!