எட்டடி பிளேடு

குழு: நம் வீட்டு உறவுகள்

குமரன் (காலை 9:12)
[படம்]
பெரியப்பா, மரம் அறுக்கும் பேண்ட்சா மெஷினுக்குப் புது வளைய பிளேடு வந்தது. அதன் கட்டுகளை வெட்டியதும் படாரென்று விரிந்து முன்கையில் கீறிவிட்டது.

செல்வி அக்கா (9:14)
ஐயோ, ஆழமா? டி.டி. ஊசி போட்டு எத்தனை வருடம் ஆச்சு?

குமரன் (9:15)
மேலோட்டம்தான் அக்கா. சோப்பு போட்டுக் கழுவிவிட்டேன். ஊசி எப்போது போட்டேன் என்று ஞாபகமில்லை.

செல்வி அக்கா (9:15)
அப்போ இன்றைக்கே டாக்டரிடம் காட்டு.

பெரியப்பா (9:31)
முதலில் அக்கா சொன்னதைச் செய். அப்புறம் இதைப் படி.
உன்னுடையது 14 அங்குலச் சக்கர மெஷின், பிளேடு 93½ அங்குலம். கிட்டத்தட்ட எட்டடி எஃகை, சாணுக்குக் கொஞ்சம் பெரிதாக மூன்று வளையமாக அடக்கிக் கட்டியிருக்கிறார்கள். அது சுருள்வில் மாதிரிதான், கட்டு போனால் பாயும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள். வளையங்களைச் சேர்த்து இறுக்கிப் பிடித்தபடி கட்டுகளை வெட்டு. கையை நீட்டி, முகத்தைத் திருப்பி, ஒவ்வொரு வளையமாக விடு. முற்றத்தில் செய், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

குமரன் (9:40)
மாட்டிப் பார்த்தேன், பல் மேலே பார்க்கிறதே பெரியப்பா?

பெரியப்பா (9:42)
பிளேடு உள்வெளியாகப் புரண்டிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்று, முறுக்கித் திருப்பிப் போடு. பல் உன்னைப் பார்த்து, கீழ்நோக்கி இருக்க வேண்டும். மெஷினை ஓட்டும்போது கையுறையைக் கழற்றிவிடு, பல் துணியைப் பிடித்தால் விரலையும் இழுத்துவிடும்.

குமரன் (9:44)
சரி பெரியப்பா. பழைய பிளேடைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

பெரியப்பா (9:52)
உடனே எடு. பாப்பா கைக்கு எட்டும் இடம் அது. ஆணியில் தொங்கினால் ஒரே இடத்தில் மடிப்பும் விழும்.
சுருட்டுவது இப்படி: பல் உன்னைப் பார்க்காமல் மறுபக்கம் பார்த்தபடி இருக்கட்டும். கீழ்வளைவை ஷூ காலால் லேசாக மிதி. மேல்வளைவைக் கையுறைக் கையால் பிடித்து, ஒரு முழுச் சுற்று முறுக்கிக்கொண்டே இறக்கு. தானாக மூன்று வளையமாக விழும். விழவில்லையென்றால் அழுத்தாதே, மறுபடி முதலிலிருந்து.
பிசினைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, தடித்த மரமுளையில் உயரமாக மாட்டு. மறுபடி பொருத்தும் முன் எண்ணெயைத் துடைத்துவிடு, சக்கரத்து ரப்பர் கெட்டுப்போகும்.

செல்வி அக்கா (9:55)
உடைந்த பிளேடு?

பெரியப்பா (9:57)
சாண் சாணாகத் தகரக் கத்திரியால் வெட்டி, பழைய டப்பாவில் போட்டு மூடு. இரும்புக்கடைக்காரரிடம் கொடுக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடு. பாவம், அவர் கையை விட்டுத் துழாவுவார்.

குமரன் (மாலை 6:20)
[படம்]
ஊசி போட்டாச்சு. முளையும் அடித்துவிட்டேன், சரியா?

பெரியப்பா (6:26)
உயரம் சரி. சுருட்டிய பிளேடில் கட்டு இரண்டு இடத்தில்தான் இருக்கிறது, மூன்றாவதும் போடு.