விஷ்னியெவ்ஸ்கியா, விஷ்னியெவ்ஸ்காவா? போலந்துப் பெயர்களோடு நாங்கள் பட்ட பாடு

வ்ரோத்ஸ்வாவ் நகரில் வாடகை வீடு பார்க்கப் போயிருந்தேன். ஒரு தபால் பெட்டியில் விஷ்னியெவ்ஸ்கி, பக்கத்துப் பெட்டியில் விஷ்னியெவ்ஸ்கா, கதவு மணியில் விஷ்னியெவ்ஸ்த்ஸி. மூன்று குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரே குடும்பம்தான். முதலாவது கணவர், அடுத்தது மனைவி, மூன்றாவது இருவரும் சேர்ந்து.

இது புரிவதற்குள் ஒப்பந்தத்தில் அந்த அம்மாவின் பெயரை ‘ஸ்கி’ என்று எழுதித் தொலைத்திருந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் பேனாவை வாங்கிக் கடைசி எழுத்தை அடித்து ‘ஸ்கா’ ஆக்கினார். விஷ்னியா என்றால் புளிப்புச் செர்ரி என்று எனக்குத் தெரியும். அந்த அரைகுறை ஞானத்தில், “அப்போ நீங்க செர்ரி அம்மாவா?” என்றேன். பழம் இல்லையாம், ஊராம். விஷ்னியெவோ, விஷ்னியெவ் என்று அங்கே பல ஊர்கள். மரத்தால் ஊருக்குப் பேர், ஊரால் ஆளுக்குப் பேர். ‘ஸ்கா’ என்றால் அந்த ஊர்க்காரி. முன்பு நிலபுலன் வைத்திருந்த பிரபுக்கள் இப்படிப் பெயர் வைத்துக்கொண்டார்களாம், அப்புறம் மற்றவர்களிடமும் பரவியது. உங்களுடையது எந்த விஷ்னியெவோ என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார்.

பேச்சுவாக்கில் மேரி க்யூரி என்றேன். “ஸ்க்வொடோவ்ஸ்கா-க்யூரி” என்று உடனே திருத்தினார். 1867இல் வார்சாவில் பிறந்தவரைக் கணவர் பெயரால் மட்டும் சொன்னால் அங்கே யாருக்கும் பிடிப்பதில்லை.

*

எல்லாப் பெயரும் இப்படி மாறாது. என் அலுவலகத்தில் கணவன் மனைவி இருவருமே நோவாக், அதாவது ‘புதிதாக வந்தவன்’. டென்னிஸ் வீராங்கனை இகா ஷ்வியோன்தெக்கும் அப்பாவின் பெயரை அப்படியேதான் வைத்திருக்கிறார். ஆனால் வேற்றுமை உருபு வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ‘நோவாகா இல்லை’ என்றால் கணவர் வரவில்லை. ‘நோவாக் இல்லை’ என்றால் அந்த அம்மா வரவில்லை. இதைப் பிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

*

அந்த நோவாக்கும் முன்பெல்லாம் மாறியிருக்கிறது! நவம்பர் 1 அன்று, எல்லாரும் கல்லறைகளில் விளக்கு ஏற்றும் நாளில், ஒரு தோழியோடு கிராக்கோவின் ராகோவித்ஸ்கி கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். போலந்துக் கவிஞர் ஷிம்போர்ஸ்காவின் கல்லறையைப் பார்க்கத்தான் போனது. ஆனால் பழைய கற்களை விட்டு நகர முடியவில்லை. நோவாகோவா என்றால் நோவாக்கின் மனைவி, நோவாகுவ்னா என்றால் மணமாகாத மகள். பெயரிலேயே கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்று சொல்லிவிடுகிறார்கள். இன்று பெரும்பாலோர் இப்படி எழுதுவதில்லை. எனக்கென்னவோ நல்லதாகப் படுகிறது.

சில கற்களில் பெயருக்குப் பின் ‘ஸ் டோமு’ என்று போட்டு இன்னொரு குடும்பப் பெயர். சொல்லுக்குச் சொல் ‘வீட்டிலிருந்து’. நம் ‘பிறந்த வீடு’ அப்படியே! ‘குவ்னா’ என்று முடிந்த ஒரு கல்லில் மட்டும் விளக்கே இல்லை. தோழி பையில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்து ஏற்றி அங்கே வைத்தாள்.