பெல்ட் கட்டினால் நாரி (கீழ்முதுகு) பிடிக்காதாம்!

லேத்_அண்ணன்:
"இடுப்பில் பெல்ட் கட்டி நாலு பேர் பிடித்தால் 300 கிலோ லேத்தும் (இரும்பைக் கடையும் இயந்திரம்) சும்மா வரும், இந்தக் காலத்துப் பொடியன்களுக்குத்தான் நாரி நோவு" என்று நேற்று ஒரு முதலாளி எழுதியிருந்தார். வாசித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 300-ஐ நாலால் பிரித்தால் ஆளுக்கு 75. அதுவும் சமமாக விழாது; ஹெட்ஸ்டாக், அதாவது கியர்ப் பெட்டி இருக்கும் தலைப் பக்கம் பாரம் கூட, அந்தப் பக்கம் நிற்பவன் செத்தான். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே ஒரு ஆணுக்கு 55 கிலோவுக்கு மேலென்றால் குறைக்கச் சொல்லிவிட்டது. பெல்ட் என்ன, மிச்சம் 20 கிலோவைக் குடிக்குமா?

கொழும்பு_11:
அந்த முதலாளி நான்தான். பழைய சோனகத் தெருவுக்கு வந்து பாருங்கள் தம்பி. 50 கிலோ சீமெந்து மூட்டையை நாட்டாமைமார் (சுமை தூக்குகிறவர்கள்) தனி ஆளாகத் தூக்குகிறார்கள். பெல்ட் கட்டாதவனுக்குத்தான் பிடிக்கும்.

லேத்_அண்ணன்:
மூட்டை தோளில் படியும், வார்ப்பிரும்பு படியுமா? 1994-இல் அமெரிக்காவின் வேலைத்தளப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பெல்ட்டை ஆராய்ந்து, காயமில்லாதவனுக்கு அது காயத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் போதாது என்றது. கட்டினவன் அந்தத் தைரியத்தில் இன்னும் கூடத் தூக்குவான், அவ்வளவுதான்.

கொழும்பு_11:
அமெரிக்காவில் நாட்டாமை இருக்கிறானா? பெல்ட் பெல்ட்தான்.

வெள்ளவத்தை_வாசி:
பெல்ட்டை விடுங்கள். நாட்கூலிக்கு வந்தவருக்கு அடிபட்டால், 1934-ஆம் ஆண்டு வேலையாள் நட்டஈட்டுச் சட்டத்தைப் பற்றி யாராவது பேசுவீர்களா?

பைப்_மாஸ்டர்:
ஏன் தூக்க வேண்டும்? அலவாங்கால் நெம்பி, அடியில் மூன்று ஜீஐ பைப்பை வைத்து உருட்டினால் முடிந்தது.

லேத்_அண்ணன்:
உருட்டுங்கள், முன் பைப்பைக் கையால் திருத்தப் போய் விரலைக் கொடுத்தவர்களையும் சேர்த்து எழுதுங்கள். பாரத்தை மேலே மாட்டிச் சங்கிலியால் தூக்கச் செயின் புளொக் என்று ஒன்று இருக்கிறது மாஸ்டர்.

பைப்_மாஸ்டர்:
நீர் செயின் புளொக்கை எங்கே மாட்டுவீர், தகரக் கூரையிலா?

கொழும்பு_11:
மாஸ்டர், விடுங்கள். இவர் என்னிடம் வாங்கிய கொம்பிரசருக்கே இன்னும் மிச்சக் காசு தரவில்லை. பாடம் மட்டும் நடத்துவார்.

லேத்_அண்ணன்:
காசை இழுக்காதீர்கள். அந்தக் கொம்பிரசரை மாடிக்கு ஏற்றினது உங்கள் பெல்ட் கட்டின பொடியன்தானே? அப்புறம் ஒரு மாதம் குனிய முடியாமல் திரிந்தான். இப்போது எங்கே அவன்?

கொழும்பு_11:
கட்டாரில். நன்றாகத்தான் இருக்கிறான், பெல்ட் கட்டினபடியால்!