‘கட்டண உச்சவரம்பு’ வேண்டாம்; வேறு சொல்?

வணக்கம்.

லண்டன் போக்குவரத்தில், ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தொகை எட்டியதும் அட்டையில் பிடித்தம் நின்றுவிடும். இதற்கு நம் மொழிபெயர்ப்புச் சொற்பட்டியலில் "கட்டண உச்சவரம்பு" என்றிருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை. அங்கே "உச்ச நேரக் கட்டணம்" தனியாக உண்டு (வேலைநாளில் காலை 6.30–9.30, மாலை 4–7). இரண்டும் ஒரே திரையில் வந்தால் பயணி குழம்புவார். தவிர, உச்சவரம்பு என்றாலே நமக்கு நில உச்சவரம்புதான்: அதற்குமேல் வைத்துக்கொள்ளக் கூடாது. இங்கே வரம்பு தாண்டியும் போகலாம், காசுதான் கிடையாது.

"கட்டண முகடு" சரிவருமா?

———

> "கட்டண முகடு" சரிவருமா?

முகடு பள்ளிக் கணக்கில் புள்ளியியல் சொல்லாகிவிட்டது, விட்டுவிடுவோம். எனக்கு உறுத்துவது "கட்டண" என்ற முன்பாதி. வரம்பு விழுவது சேர்ந்துகொண்டே போகும் தொகைமேல். 2023 மார்ச் விலைப்படி பேருந்துக்கு 1.75 பவுண்டு, நாள் வரம்பு 5.25. காலை 8.00க்கு ஏறினால் 1.75. 8.40க்கு இன்னொரு பேருந்து, பூஜ்யம். அட்டையை முதலில் கருவியில் தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் ஒரே கட்டணம். பகல் 12க்கு 1.75, மாலை 6க்கு 1.75. இரவு 9க்கு மறுபடி பூஜ்யம், ஆனால் இது வரம்பு நிறைந்ததால். இந்த இரண்டு பூஜ்யங்களையும் சொல் பிரித்துக் காட்ட வேண்டும்.

"திரள்வரம்பு" என்கிறேன். நாள் திரள்வரம்பு, வாரத் திரள்வரம்பு என்று தடங்கலின்றி ஒட்டும். மாத பாஸ் போல முன்பணம் கட்டுவதில்லை, போகப் போகச் சேர்கிறது என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது.

———

> "திரள்வரம்பு" என்கிறேன்.

ஆவணத்துக்கு நல்ல சொல். எது திரளாது என்பதையும் விளக்கத்தில் சேருங்கள், சிக்கலெல்லாம் அங்கேதான். காலையில் வங்கி அட்டை, மாலையில் அதே அட்டையை ஏற்றிய கைபேசி என்று தட்டினால் இரண்டும் தனித்தனிக் கணக்கு, ஒன்று சேராது. சுரங்க ரயிலில் வெளியேறும்போது தட்ட மறந்தால் பிடிக்கும் அதிகபட்சக் கட்டணமும் வரம்பில் சேராது. "நாள்" நள்ளிரவில் முடிவதில்லை, மறுநாள் அதிகாலை 4.29 வரை ஓடும். வாரம் திங்கள் முதல் ஞாயிறு.

செயலித் திரையில் மட்டும் "இன்றைய வரம்பு நிறைந்தது. இனிக் கட்டணம் இல்லை" என்று விடலாம். பின்னால் நாலு பேர் ஏற நிற்கும்போது கலைச்சொல்லை யார் படிப்பார்கள்?